பூட் மெனுவில் பென் டிரைவ் ஏன் வருவதில்லை?

பெங்களூர் எஸ்.பி. ரோட்டுக் கடைகளில் அடுக்கி வைத்திருக்கும் பழைய லேப்டாப்களில் பெரும்பாலானவை ஏதோ ஒரு கம்பெனியில் மூன்று நான்கு வருடம் உழைத்துவிட்டு வந்தவை. திங்க்பேட், லாட்டிட்யூட், எலைட்புக். கீபோர்டு நன்றாக இருக்கும், உடம்பு கெட்டி, விலையும் கைக்கு அடக்கம். அல்சூர், ஸ்ரீராமபுரம் பக்கத்துப் பிள்ளைகள் முதல் ஓசூரிலிருந்து காலை பஸ் பிடித்து வரும் கல்லூரி மாணவர்கள் வரை வாங்கிப் போகிறார்கள். 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவை மைக்ரோசாஃப்ட் முடித்துக்கொண்டது. விண்டோஸ் 11 வேண்டுமென்றால் டி.பி.எம். 2.0 என்ற பாதுகாப்பு வசதி வேண்டும், இன்டெல் பிராசசர் என்றால் ஏறக்குறைய எட்டாம் தலைமுறையாவது இருக்க வேண்டும். அதற்கும் பழைய மெஷின் வைத்திருப்பவர்கள் லினக்ஸ் மின்ட், உபுண்டு என்று விண்டோஸுக்குப் பதிலான இலவச சிஸ்டங்களுக்குப் போகிறார்கள். அதற்கு முதல் வேலை பென் டிரைவிலிருந்து பூட் செய்வது, அதாவது டிஸ்கில் இருக்கும் விண்டோஸுக்குப் பதில் பென் டிரைவில் இருப்பதைக் கொண்டு மெஷினைத் தொடங்குவது. பலருக்கு அங்கேயே வண்டி நின்றுவிடுகிறது.

நின்றதும் என்ன நடக்கிறது என்பது எல்லோருக்கும் தெரிந்த கதைதான். யூடியூபில் ஒரு வீடியோ செக்யூர் பூட்டை அணைக்கச் சொல்லும். இன்னொன்று லெகசி மோடுக்கு மாற்றச் சொல்லும். மூன்றாவது ஆள் சாட்டா மோடை மாற்று என்பார். மூன்றையும் ஒரே மூச்சில் மாற்றிவிட்டுப் பார்த்தால் பென் டிரைவ் அப்போதும் வராது. ஆனால் அதுவரை ஒழுங்காக ஓடிக்கொண்டிருந்த விண்டோஸ் நீலத் திரையில் பிட்லாக்கர் என்ற டிஸ்க் பூட்டைத் திறக்கும் 48 இலக்க எண்ணைக் கேட்டுக்கொண்டு நிற்கும்.

எனக்குத் தெரிந்த சர்வீஸ் கடைக்காரர் ஒருவர், தர்மபுரிக்காரர், யார் லேப்டாப்பைக் கொண்டுவந்து மேசையில் வைத்தாலும் முதலில் கேட்பது ஒரே கேள்விதான்: "திரையில என்ன வந்துச்சு தம்பி? போட்டோ எடுத்தியா?" அவர் கேட்பதில் விஷயம் இருக்கிறது. பென் டிரைவிலிருந்து பூட் ஆக வேண்டுமென்றால், மெஷின் ஆன் ஆனதும் மதர்போர்டிலிருந்து முதலில் ஓடும் புரோகிராமான ஃபர்ம்வேர் மூன்று காரியங்களை வரிசையாக முடிக்க வேண்டும். முதலில் பென் டிரைவ் செருகியிருப்பதைப் பார்க்க வேண்டும். அடுத்து, அதற்குள் தனக்குப் புரிகிற இடத்தில், தனக்குப் புரிகிற வடிவத்தில் ஒரு பூட் புரோகிராம் இருக்க வேண்டும். கடைசியாக, அந்தப் புரோகிராமை ஓடவிடத் தனக்கு அனுமதி இருக்கிறதா என்று சரிபார்க்க வேண்டும். ஒவ்வொன்றும் தோற்கும்போது திரையில் தெரிவது வேறு வேறு. எது தோற்றது என்று தெரிந்துகொண்டால் மாற்ற வேண்டியது பெரும்பாலும் ஒரே ஒரு செட்டிங்தான்.

பழைய வழி, புது வழி

இதற்குக் கொஞ்சம் பின்னணி வேண்டும். 1981-இல் ஐ.பி.எம். பி.சி. வந்தபோது அதிலிருந்த பயாஸ் என்ற ஃபர்ம்வேர் செய்த வேலை மிக எளியது. டிஸ்கின் முதல் செக்டரை, அதாவது முதல் 512 பைட்டை, மெமரிக்கு எடுத்துவந்து அதன் கையில் பொறுப்பை ஒப்படைத்துவிடும். ஹார்ட் டிஸ்க் வந்த பிறகு அந்த 512-க்குள்ளேயே 446 பைட் புரோகிராமுக்கு, 64 பைட் நான்கு பார்ட்டிஷன்களின் (டிஸ்கைப் பிரித்த பகுதிகளின்) விவரத்துக்கு, கடைசி 2 பைட் "இது பூட் ஆகும் டிஸ்க்தான்" என்று சொல்லும் அடையாளத்துக்கு என்று பங்கு பிரித்துக்கொண்டார்கள். இதுதான் எம்.பி.ஆர். பயாஸுக்கு ஃபைல் என்றால் என்ன, ஃபோல்டர் என்றால் என்ன என்று எதுவும் தெரியாது. முதல் செக்டரில் இருப்பது நல்லதா கெட்டதா என்றும் பார்க்காது. அடையாளம் இருந்தால் ஓட்டிவிடும், அவ்வளவுதான்.

இந்த ஏற்பாடு முப்பது வருடம் தாக்குப்பிடித்தது ஆச்சரியம்தான். 512 பைட் செக்டர் உள்ள டிஸ்கில் எம்.பி.ஆரால் 2 டெராபைட்டுக்கு மேல் கணக்கு வைக்க முடியாது என்பது அதன் எல்லை. இன்டெல் தன் இட்டானியம் சர்வர்களுக்காக 1990-களின் பிற்பகுதியில் இ.எஃப்.ஐ. என்று ஒன்றை உருவாக்கத் தொடங்கியது. 2005-இல் அது பல நிறுவனங்கள் சேர்ந்த ஒரு அமைப்பின் கைக்குப் போய் யு.இ.எஃப்.ஐ. ஆனது. விண்டோஸ் 8 வந்த 2012-இலிருந்து கடைக்கு வந்த லேப்டாப் அனைத்திலும் ஏறக்குறைய இதுதான்.

யு.இ.எஃப்.ஐ. முதல் செக்டரைப் பார்த்து ஏமாறுவதில்லை. டிஸ்கில் ஃபைல்களை அடுக்கி வைக்கும் முறைக்கு ஃபைல் சிஸ்டம் என்று பெயர். அதில் ஃபேட் வகையை இதற்குப் படிக்கத் தெரியும். பென் டிரைவ் போன்ற கழற்றக்கூடிய சாதனமென்றால், அதிலிருக்கும் ஃபேட் பார்ட்டிஷனில் 'இ.எஃப்.ஐ.' என்ற ஃபோல்டர், அதற்குள் 'பூட்' என்ற ஃபோல்டர், அதற்குள் 'பூட்எக்ஸ்64' என்ற பெயரில் ஒரு ஃபைல் இருக்கிறதா என்று தேடும். இருந்தால் அதை ஓட்டும். இல்லையென்றால் அந்தப் பென் டிரைவ் அதைப் பொறுத்தவரை வெறும் பென் டிரைவ்.

இடைக்காலத்தில் வந்த லேப்டாப்கள் இரண்டையும் வைத்துக்கொண்டன. பழைய பயாஸ்போல நடிக்கும் பகுதிக்கு சி.எஸ்.எம். என்று பெயர், மெனுவில் 'லெகசி' என்று இருக்கும். 2020-க்குள் இதைக் கைவிடப்போவதாக இன்டெல் 2017-இலேயே சொல்லிவிட்டது. அதன் பிறகு வந்த பல லேப்டாப்களில் லெகசி என்ற பேச்சே கிடையாது. ஆகவே "லெகசிக்கு மாத்துங்க" என்று ஒரு வீடியோ சொல்லும்போது உங்கள் மெனுவில் அது இல்லையென்றால், நீங்கள் எதையோ தவறவிடவில்லை. அந்த வீடியோதான் பழசு.

பார்க்கவே இல்லை என்றால்

எதிலிருந்து பூட் ஆவது என்று கேட்கும் பூட் மெனுவைத் திறந்தால் பென் டிரைவின் பெயரே இல்லை, அல்லது பூட் மெனுவே திறக்கவில்லை. இது முதல் வகை.

மெனு திறக்காததற்கு முக்கியமான காரணம் வேகம். 2012-இல் மைக்ரோசாஃப்ட் பொறியாளர்களே எழுதியிருக்கிறார்கள்: புது மெஷின்களில் எஃப்2, எஃப்8 போன்ற விசையைப் பிடிக்கக் கிடைக்கும் நேரம் 200 மில்லி செகண்டுக்கும் குறைவு என்று. மனிதக் கை அந்த வேகத்துக்கு ஈடுகொடுக்காது. அதனால்தான் மெஷின் ஆன் ஆனதிலிருந்து விசையைத் தட்டிக்கொண்டே இருக்க வேண்டியிருக்கிறது. எந்த விசை என்பதிலும் ஒற்றுமை இல்லை. டெல்லில் எஃப்12 பூட் மெனு, எஃப்2 செட்டிங்ஸ். ஹெச்.பி.யில் எஃப்9, எஃப்10. இரண்டும் நினைவில் இல்லையென்றால் எஸ்கேப் அழுத்தினால் பட்டியலே வரும். ஏசஸில் எஸ்கேப்பும் எஃப்2-வும். திங்க்பேடில் எஃப்12, எஃப்1. லெனோவோவின் ஐடியாபேட் பலவற்றில் பக்கவாட்டில் ஊசி நுழைகிற அளவுக்கு ஒரு ஓட்டை இருக்கும். மெஷின் அணைந்திருக்கும்போது அதற்குள் சிம் பின்னை விட்டு அழுத்தினால் மெனு வந்துவிடும். ஏசரில் எஃப்12 என்று ஊரே சொல்லும், ஆனால் பல மாடல்களில் அந்த எஃப்12 மெனுவே செட்டிங்ஸுக்குள் அணைக்கப்பட்டிருக்கும். முதலில் எஃப்2-வில் நுழைந்து அதை இயக்கிவிட்டு வர வேண்டும். சில கீபோர்டுகளில் மேல்வரிசை விசைகள் சத்தம், வெளிச்சம் கூட்டிக் குறைக்கத்தான் என்று இருக்கும், அங்கே எஃப்.என். விசையையும் சேர்த்துப் பிடிக்க வேண்டும்.

இந்தத் தட்டல் பந்தயமே வேண்டாம் என்றால் விண்டோஸ் வழியாகவே போகலாம். ஷிஃப்ட் விசையைப் பிடித்துக்கொண்டு ரீஸ்டார்ட்டைச் சொடுக்கினால் ஒரு நீல மெனு வரும். அதில் 'யூஸ் எ டிவைஸ்' என்று இருந்தால் பென் டிரைவை அங்கிருந்தே தேர்ந்தெடுக்கலாம். 'டிரபிள்ஷூட்' வழியாக உள்ளே போனால் ஃபர்ம்வேர் செட்டிங்ஸுக்கான கதவும் இருக்கிறது. விண்டோஸ் ஓடுகிற மெஷினில் எனக்கு இந்த வழிதான் பிடித்தது. விசைப் பட்டியலை மனப்பாடம் செய்வதைவிட இது நிச்சயமானது.

மெனு வருகிறது, பென் டிரைவ் மட்டும் இல்லை என்றால் அடுத்து கவனிக்க வேண்டியது இரண்டு 'ஃபாஸ்ட்'கள். பெயர் ஒன்றுபோல இருப்பதால் பலர் குழப்பிக்கொள்கிறார்கள். விண்டோஸுக்குள் இருப்பது ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப். இது இருக்கும்போது ஷட் டவுன் கொடுத்தாலும் விண்டோஸ் முழுதாக அணைவதில்லை. தன் மையப் பகுதியான கெர்னலை டிஸ்கில் எழுதிவிட்டுப் பாதித் தூக்கம் போடுகிறது. ரீஸ்டார்ட் கொடுத்தால்தான் முழுதாக அணைந்து எழும். ஆகவே பென் டிரைவைச் செருகிவிட்டு ஷட் டவுன் செய்வதைவிட ரீஸ்டார்ட் செய்வதே சரி. இன்னொன்று ஃபர்ம்வேருக்குள் இருக்கும் ஃபாஸ்ட் பூட். இது இருந்தால் சில மெஷின்கள் தொடக்கத்தில் யு.எஸ்.பி. சாதனங்களை எழுப்புவதையே தவிர்த்துவிடும். சில விநாடி மிச்சம் பிடிக்கச் செய்த ஏற்பாடு அது. பென் டிரைவ் வைத்துக்கொண்டு நிற்பவருக்குத்தான் இடைஞ்சல். இதை அணைப்பதால் எந்த ஆபத்தும் இல்லை.

போர்ட்டையும் மாற்றிப் பாருங்கள். 2011, 2012 வாக்கில் வந்த லேப்டாப்களில் நீல நிற யு.எஸ்.பி. 3 போர்ட்டுக்குத் தனிச் சிப் இருந்தது. சிலவற்றில் அதிலிருந்து பூட் செய்ய ஃபர்ம்வேருக்கே தெரியாது. கறுப்பு நிற யு.எஸ்.பி. 2-இல் செருகினால் அதே டிரைவ் உடனே தெரியும். டைப்-சி ஹப் வழியாகச் செருகியிருந்தால் ஹப்பைக் கழற்றிவிட்டு நேராகச் செருகுங்கள். இன்னும் பழைய பயாஸ்களில் ஒரு வேடிக்கை உண்டு: பென் டிரைவை அவை ஹார்ட் டிஸ்காகவே கணக்கில் எடுத்துக்கொள்ளும். பூட் வரிசையில் யு.எஸ்.பி. என்று தேடினால் கிடைக்காது. 'ஹார்ட் டிஸ்க்' என்ற வரிக்குள் நுழைந்தால் அங்கே இரண்டாவதாக உட்கார்ந்திருக்கும்.

இனி எஸ்.பி. ரோட்டு மெஷின்களுக்கே உரிய சிக்கல். கம்பெனி லேப்டாப்பில் பென் டிரைவிலிருந்து பூட் ஆவது என்றால், ஊழியர் ஒருவர் கம்பெனி டேட்டாவை வெளியே கொண்டுபோக ஒரு வழி என்று பொருள். ஐ.டி. பிரிவினர் அதைத்தான் முதலில் அடைப்பார்கள். யு.எஸ்.பி. பூட்டை அணைத்துவிட்டு, யாரும் மாற்றாமலிருக்க சூப்பர்வைசர் பாஸ்வேர்டு போட்டுவிடுவார்கள். மெஷினைக் கழிக்கும்போது அதை எடுக்க மறந்தால் பாஸ்வேர்டும் மெஷினோடு மார்க்கெட்டுக்கு வந்துவிடும். எஃப்2 அழுத்தி உள்ளே போனால் எல்லா வரியும் சாம்பல் நிறத்தில் இருக்கும். பார்க்கலாம், தொட முடியாது.

"பேட்டரியைக் கழட்டி அஞ்சு நிமிஷம் வெச்சா போயிடும்ணா" என்று ஒருவர் கட்டாயம் சொல்வார். டெஸ்க்டாப் மதர்போர்டில் அது உண்மை. பாஸ்வேர்டு, பேட்டரி போனால் அழிந்துவிடும் சிமாஸ் மெமரியில் இருந்த காலத்து லேப்டாப்பிலும் உண்மை. கம்பெனிகளுக்கென்று செய்யப்படும் லேப்டாப்களில் பாஸ்வேர்டு கரண்ட் போனாலும் அழியாத சிப்பில் இருக்கிறது. திங்க்பேடில் சூப்பர்வைசர் பாஸ்வேர்டு தெரியாவிட்டால் மதர்போர்டையே மாற்ற வேண்டும் என்பதுதான் லெனோவோவின் அதிகாரபூர்வ பதில். சிப்பைக் கழற்றி மறுபடி எழுதித் தருகிறவர்கள் இருக்கிறார்கள் என்பது எஸ்.பி. ரோடு அறிந்தது. ஆனால் மெஷின் யாருடையது என்ற கேள்விக்குக் காகிதம் இல்லாமல் அதில் இறங்குவது சரியல்ல, போர்டு செத்துப்போகும் வாய்ப்பும் உண்டு. வாங்கும்போதே கடைக்காரர் முன்னால் செட்டிங்ஸுக்குள் போய் ஏதாவது ஒரு வரியை மாற்றி, சேமித்து, மறுபடி திறந்து பார்த்துவிடுவது இதையெல்லாம்விட மலிவு. கடைக்காரர்கள் இதற்குக் கோபித்துக்கொள்வதில்லை. கோபித்துக்கொண்டால் பக்கத்துக் கடை இருக்கிறது.

தெரிகிறது, ஆனால் ஓடவில்லை

பென் டிரைவ் பெயர் மெனுவில் இருக்கிறது. தேர்ந்தெடுத்தால் திரை ஒரு நொடி கறுத்துவிட்டு மறுபடி மெனுவுக்கே வருகிறது. அல்லது 'நோ பூட்டபிள் டிவைஸ்' என்கிறது. அல்லது எதுவுமே நடக்காததுபோல விண்டோஸ் திறக்கிறது. இங்கே ஃபர்ம்வேரைக் குறை சொல்ல முடியாது. பென் டிரைவ் தயாரித்த விதத்தில்தான் பிசகு.

மிக எளிய தவறு, முழு சிஸ்டத்தையும் ஒரே ஃபைலாகக் கட்டிவைத்திருக்கும் ஐ.எஸ்.ஓ. ஃபைலை அப்படியே பென் டிரைவுக்குள் காப்பி செய்வது. டிரைவைத் திறந்து பாருங்கள். உள்ளே ஒரே ஒரு ஐ.எஸ்.ஓ. ஃபைல் மட்டும் இருந்தால் ஃபர்ம்வேருக்கு அதைப் பிரித்துப் படிக்கத் தெரியாது. ரூஃபஸ், எட்சர் போன்ற கருவிகள் அதைப் பூட் ஆகும் விதத்தில் எழுதுகின்றன. வென்டாய் மட்டும் விதிவிலக்கு: தன் பூட் புரோகிராமை ஒரு சின்ன பார்ட்டிஷனில் வைத்துக்கொண்டு, ஐ.எஸ்.ஓ.க்களை முழுதாகவே காப்பி செய்துகொள்ளச் சொல்லும். பல சிஸ்டங்களை ஒரே டிரைவில் வைத்திருக்க விரும்புபவர்களுக்கு நல்லது.

ரூஃபஸைத் திறந்ததும் கேட்கும் கேள்வியில்தான் பலர் தடுமாறுகிறார்கள்: எம்.பி.ஆரா, அதற்குப் பதிலாக வந்த புது பார்ட்டிஷன் முறையான ஜி.பி.டி.யா? உங்கள் மெஷின் எந்த வழியில் பூட் ஆகிறது என்று தெரிந்தால் பதில் தானாக வரும். விண்டோஸில் 'சிஸ்டம் இன்ஃபர்மேஷன்' என்று தேடித் திறந்தால் 'பயாஸ் மோடு' என்று ஒரு வரி இருக்கும். அங்கே யு.இ.எஃப்.ஐ. என்றிருந்தால் ஜி.பி.டி., லெகசி என்றிருந்தால் எம்.பி.ஆர். எழுதி முடித்த பிறகு டிரைவைத் திறந்து இ.எஃப்.ஐ. ஃபோல்டரும் அதற்குள் பூட் ஃபோல்டரும் இருக்கின்றனவா என்று ஒரு பார்வை பார்த்துக்கொள்ளுங்கள். எட்சர் எழுதிய லினக்ஸ் டிரைவை விண்டோஸ் சில சமயம் சரியாகக் காட்டாது, 'ஃபார்மேட் செய்யட்டுமா' என்றுகூடக் கேட்கும். பதறி 'எஸ்' அழுத்திவிட வேண்டாம்.

இரண்டு வழியும் உள்ள மெஷினில் ஒரே பென் டிரைவ் மெனுவில் இரண்டு முறை வரும். ஒன்றின் முன்னால் யு.இ.எஃப்.ஐ. என்று போட்டிருக்கும், இன்னொன்று வெறும் பெயரோடு. இவற்றில் எதைத் தேர்ந்தெடுக்கிறோமோ அந்த வழியில்தான் புது சிஸ்டமும் இன்ஸ்டால் ஆகும். விண்டோஸ் யு.இ.எஃப்.ஐ. வழியில் இருக்கும்போது லினக்ஸை லெகசி வழியில் போட்டால், இரண்டும் ஒரே மெனுவில் சேராமல் ஒவ்வொரு முறையும் ஃபர்ம்வேரைத் திறந்து மாற்ற வேண்டிவரும். அதேபோல, யு.இ.எஃப்.ஐ.யில் இன்ஸ்டால் ஆன விண்டோஸை வைத்துக்கொண்டு செட்டிங்ஸை லெகசிக்கு மட்டும் மாற்றினால் விண்டோஸ் திறக்காது. டிஸ்கில் எதுவும் அழியவில்லை. பழையபடி மாற்றினால் வந்துவிடும். இந்த இடத்தில் பயந்துபோய் டிஸ்கை ஃபார்மேட் செய்துவிட்டு வருகிறவர்கள்தான் பாவம்.

விண்டோஸ் 11 இன்ஸ்டால் செய்யப் பென் டிரைவ் தயாரிக்கும்போது வேறொரு தடை. யு.இ.எஃப்.ஐ.க்கு ஃபேட்32 புரியும் என்றோம். ஃபேட்32-இல் ஒரு ஃபைல் 4 ஜி.பி.யைத் தாண்ட முடியாது. விண்டோஸ் ஐ.எஸ்.ஓ.வுக்குள் இருக்கும் இன்ஸ்டால் ஃபைல் இப்போதெல்லாம் அந்த அளவைத் தாண்டிவிடுகிறது. விண்டோஸின் சொந்த ஃபைல் சிஸ்டமான என்.டி.எஃப்.எஸ்.-இல் எழுதினால் ஃபைல் நுழையும், ஆனால் பல ஃபர்ம்வேர்களுக்கு அந்த ஃபார்மேட்டைப் படிக்கத் தெரியாது. ரூஃபஸ் இதைச் சாமர்த்தியமாகச் சமாளிக்கிறது. டிரைவின் ஓரத்தில் ஒரு துளி ஃபேட் பார்ட்டிஷன் வைத்து, அதில் என்.டி.எஃப்.எஸ். படிக்கும் டிரைவரைப் போட்டுவிடுகிறது. ஃபர்ம்வேர் அதை ஓட்டும். அது பெரிய பார்ட்டிஷனைத் திறக்கும். மைக்ரோசாஃப்டின் சொந்த மீடியா கிரியேஷன் டூல், ஃபைலை அதிகமாகச் சுருக்கி 4 ஜி.பி.க்குள் அடக்கிப் பார்க்கிறது. கையால் காப்பி செய்தவர்களுக்குத்தான் "ஃபைல் பெரிது" என்ற பிழை வரும்.

2013 முதல் 2015 வரை மலிவு விலையில் விற்ற ஆட்டம் பிராசசர் மினி லேப்டாப்களும் விண்டோஸ் டேப்லெட்களும் தனி ரகம். பிராசசர் 64 பிட். ஃபர்ம்வேர் மட்டும் 32 பிட். அது 'பூட்எக்ஸ்64' ஃபைலைத் திரும்பிக்கூடப் பார்க்காது, 'பூட்ஐஏ32' என்ற பெயரைத்தான் தேடும். அந்த ஃபைல் உள்ள ஐ.எஸ்.ஓ. கிடைத்தால்தான் அந்த மெஷினில் வேலை நடக்கும். இதை அறியாமல் செட்டிங்ஸில் எவ்வளவு நேரம் மல்லுக்கட்டினாலும் பயனில்லை.

பென் டிரைவே போலியாக இருப்பதும் உண்டு. 64 ஜி.பி. என்று அட்டையில் போட்டிருக்கும், உள்ளே 8 ஜி.பி. சிப் இருக்கும். எழுதும்போது பிழை சொல்லாது, 8 ஜி.பி.க்கு மேல் எழுதியதெல்லாம் காற்றில் போயிருக்கும். பாதி இன்ஸ்டாலில் 'ஃபைல் கரப்ட்' என்று வந்தால் டவுன்லோட் பிசகில்லாமல் வந்ததா என்று ஒப்பிட்டுப் பார்க்கும் ஷா256 எண்ணையும், அதன் பிறகு பென் டிரைவையும் சந்தேகப்படுங்கள். அசல் அளவைச் சோதிக்க ஹெச்2டெஸ்ட்டபிள்யூ என்ற சின்ன இலவசக் கருவி உண்டு.

அனுமதி மறுக்கப்படும்போது

'செக்யூரிட்டி வயலேஷன்', 'வெரிஃபிகேஷன் ஃபெயில்டு', 'செக்யூர் பூட்' என்ற சொற்களில் ஏதாவது ஒன்று திரையில் இருந்தால் மூன்றாம் வகை. ஃபர்ம்வேர் பென் டிரைவைப் பார்த்துவிட்டது, பூட் ஃபைலையும் கண்டுபிடித்துவிட்டது, கையெழுத்தில்தான் தகராறு.

செக்யூர் பூட் என்பது கையெழுத்துச் சோதனை. மதர்போர்டுக்குள் சில நம்பகமான சான்றிதழ்கள் இருக்கும்; அவற்றில் ஒன்றின் கையெழுத்து இருக்கும் பூட் புரோகிராமை மட்டுமே ஃபர்ம்வேர் ஓடவிடும். கூடவே, ஒருகாலத்தில் நல்லதாக இருந்து இப்போது ஓட்டை கண்டுபிடிக்கப்பட்ட புரோகிராம்களின் தடைப் பட்டியலும் இருக்கும். ஏறக்குறைய எல்லா லேப்டாப்பிலும் இருப்பவை மைக்ரோசாஃப்டின் சான்றிதழ்கள். விண்டோஸுக்கு ஒன்று, மற்றவர்களுக்கு இன்னொன்று. உபுண்டு, ஃபெடோரா போன்றவை 'ஷிம்' என்ற சின்னப் புரோகிராமை மைக்ரோசாஃப்டிடம் கொடுத்து அந்த இரண்டாவது சான்றிதழால் கையெழுத்து வாங்கிவைத்திருக்கின்றன. ஆகவே, உபுண்டு போடச் செக்யூர் பூட்டை அணைக்க வேண்டும் என்று இன்னமும் எல்லோரும் சொல்வது பழக்கதோஷம்தான்.

அப்படியானால் கையெழுத்து உள்ள உபுண்டுவும் சில மெஷின்களில் ஏன் மறுக்கப்படுகிறது? 2022-க்குப் பிறகு வந்த சில திங்க்பேட் போன்ற மாடல்களில் அந்த இரண்டாவது சான்றிதழை ஆரம்பத்திலேயே அணைத்து வைத்திருக்கிறார்கள். செக்யூர் பூட் பக்கத்தில் 'அலவ் மைக்ரோசாஃப்ட் தேர்ட் பார்ட்டி' என்று தொடங்கும் ஒரு வரி இருக்கும். அதை மட்டும் இயக்கினால் போதும், செக்யூர் பூட் அப்படியே இருக்கலாம்.

இன்னொரு காரணம் தடைப் பட்டியல். 2020 ஜூலையில் கிரப் என்ற லினக்ஸ் பூட் லோடரில் பூட்ஹோல் என்று பெயரிடப்பட்ட பெரிய ஓட்டை வெளிவந்தது. அதன் பிறகு பழைய கிரப், ஷிம் பதிப்புகளைத் தடுக்கும் வேலை தொடர்ந்து நடக்கிறது. 2024 ஆகஸ்டில் வந்த ஒரு விண்டோஸ் அப்டேட், விண்டோஸும் லினக்ஸும் சேர்ந்து இருந்த பல மெஷின்களில் லினக்ஸைத் திறக்கவிடாமல் செய்தது. திரையில் 'எஸ்பேட்' என்ற சொல்லோடு 'செக்யூரிட்டி பாலிசி வயலேஷன்' என்று வந்தது. மேசை டிராயரில் இரண்டு வருடமாகக் கிடக்கும் லினக்ஸ் பென் டிரைவ் திடீரென்று பூட் ஆகவில்லை என்றால் இதுவே காரணமாக இருக்கலாம். புது ஐ.எஸ்.ஓ. இறக்கி மறுபடி எழுதினால் பெரும்பாலும் தீர்ந்துவிடும். சான்றிதழ்களும் மாறுகின்றன: 2011-இல் வெளியிட்டவற்றுக்கு 2026 ஜூன் முதல் ஆயுள் முடிகிறது, பதிலுக்கு 2023 சான்றிதழ்கள் அப்டேட் வழியாக இறக்கப்படுகின்றன. ஆயுள் முடிந்தது என்பதற்காக ஏற்கெனவே ஓடும் மெஷின் நின்றுவிடாது. ஆனால் ஃபர்ம்வேர் அப்டேட்டே பார்க்காத பழைய லேப்டாப்பில் 2023 சான்றிதழ் இல்லையென்றால், அதனால் மட்டும் கையெழுத்திடப்பட்ட புது பூட் லோடர்கள் மறுக்கப்படும்.

வென்டாய் வைத்திருந்தால் முதல் முறை ஒரு நீலத் திரை வந்து பிழை சொல்லும். அங்கே ஓகே கொடுத்து, சாவியைப் பதிவுசெய்யும் மெனுவில் வென்டாயின் சாவி ஃபைலைக் காட்டினால் அந்த மெஷினில் அடுத்த முறை கேட்காது.

கடைசி வழியாக அணைத்துத்தான் ஆக வேண்டுமென்றால் அதற்கும் சில வினோதங்கள் உண்டு. ஏசரில் அந்த வரி சாம்பல் நிறமாக இருக்கும். முதலில் சூப்பர்வைசர் பாஸ்வேர்டு ஒன்றை நீங்களே வைத்தால்தான் திறக்கும். வேலை முடிந்ததும் அந்தப் பாஸ்வேர்டை எடுத்துவிடுங்கள், இல்லையென்றால் எங்கேயாவது எழுதி வையுங்கள். ஹெச்.பி.யில் அணைத்துவிட்டு ரீஸ்டார்ட் ஆனதும் நான்கு இலக்க எண் ஒன்றைக் காட்டி அதைத் தட்டச் சொல்லும். தட்டாமல் விட்டால் மாற்றம் நிற்காது. "எவ்வளவு தடவை அணைத்தாலும் மறுபடி ஆன் ஆகிறது" என்ற புலம்பலுக்கு இதுதான் காரணம்.

செக்யூர் பூட்டில் கை வைப்பதற்கு முன் பிட்லாக்கரைப் பார்ப்பது கட்டாயம். மைக்ரோசாஃப்ட் கணக்கோடு உள்நுழைந்த பல புது லேப்டாப்களில் டிஸ்க் என்கிரிப்ஷன் கேட்காமலேயே இயங்கத் தொடங்கிவிடுகிறது. செக்யூர் பூட் நிலை மாறினால் டி.பி.எம். சிப் டிஸ்கின் சாவியைத் தராமல் பிடித்துக்கொள்ளும். அப்போதுதான் அந்த 48 இலக்கம். அது பெரும்பாலும் மைக்ரோசாஃப்ட் கணக்குக்குள் சேமிக்கப்பட்டிருக்கும். வேறொரு போனிலிருந்து உள்நுழைந்து எடுக்கலாம். எடுக்க முடியாவிட்டால் டேட்டாவை மீட்க வழியே இல்லை, எந்தக் கடைக்காரராலும் முடியாது. விண்டோஸில் இருக்கும்போதே சாவியைக் காகிதத்தில் எழுதிக்கொண்டு, பிட்லாக்கரைத் தற்காலிகமாக நிறுத்திவிட்டுச் செட்டிங்ஸுக்குப் போவது நல்லது. அலுவலக லேப்டாப் என்றால் இதில் எதையுமே செய்ய வேண்டாம், ஐ.டி. பிரிவிடம் கேளுங்கள்.

பூட் ஆன பிறகு வரும் இரண்டு

பென் டிரைவ் பூட் ஆகிவிட்டது, இன்ஸ்டாலர் திறந்துவிட்டது, ஆனால் லேப்டாப்பில் இருக்கும் எஸ்.எஸ்.டி.யை அதில் காணவில்லை. பதினோராம் தலைமுறை இன்டெல் முதல் பல லேப்டாப்களில் வி.எம்.டி. என்ற அமைப்பு எஸ்.எஸ்.டி.க்கு முன்னால் நிற்கிறது. அதற்கான டிரைவர் இல்லாத விண்டோஸ் இன்ஸ்டாலருக்கு டிஸ்க் தெரியாது. இன்டெல்லின் ஆர்.எஸ்.டி. டிரைவரைப் பிரித்து அதே பென் டிரைவில் ஒரு ஃபோல்டரில் போட்டு, 'லோட் டிரைவர்' பொத்தானில் அதைக் காட்டினால் டிஸ்க் வந்துவிடும். செட்டிங்ஸில் வி.எம்.டி.யையே அணைக்கவும் முடியும். ஏசரில் அந்த வரி ஒளிந்திருக்கும், கன்ட்ரோல்-எஸ் அழுத்தினால் தெரியும். ஆனால் டிஸ்கில் ஏற்கெனவே இருக்கும் விண்டோஸை வைத்துக்கொள்ள வேண்டுமென்றால் அணைக்காதீர்கள், அணைத்தால் அது நீலத் திரையில் விழும். முழுதாகத் துடைத்துவிட்டுப் புதிதாகப் போடுகிறவர்களுக்கு அந்தக் கவலை இல்லை.

லினக்ஸ் போட்டு முடித்து, பென் டிரைவைக் கழற்றி, ரீஸ்டார்ட் செய்தால் நேராக விண்டோஸ் வருவது இன்னொன்று. இன்ஸ்டால் தோற்கவில்லை. யு.இ.எஃப்.ஐ. தன் சிப்பில் ஒரு பூட் பட்டியல் வைத்திருக்கிறது. அதில் 'விண்டோஸ் பூட் மேனேஜர்' இன்னும் முதலிடத்தில் இருக்கிறது. பூட் வரிசையில் 'உபுண்டு' என்ற பெயரை மேலே தூக்கினால் போதும். லினக்ஸ் மின்ட் போட்டிருந்தாலும் அந்தப் பட்டியலில் 'உபுண்டு' என்றே பெயர் இருக்கும், தேடிக் குழம்ப வேண்டாம். வரிசையை மாற்றிச் சேமித்தும் மறுநாள் பழையபடி ஆகி, தேதியும் பல வருடம் பின்னால் போயிருந்தால், மதர்போர்டில் இருக்கும் சிமாஸ் பேட்டரி தீர்ந்துவிட்டது என்று பொருள். பல லேப்டாப்களில் அது சி.ஆர்.2032 காயின் பேட்டரிதான், ஒயரோடு இருக்கும் வகை. சில புது மாடல்களில் அது தனியாகவே கிடையாது, பெரிய பேட்டரியிலிருந்தே எடுத்துக்கொள்ளும். பின்மூடியைத் திறப்பதற்கு முன் உங்கள் மாடலில் எது என்று சர்வீஸ் கையேட்டில் பார்த்துக்கொள்ளுங்கள்.